பேசாப் படங்களும் பேசிய அவைகளும்

நம் வீட்டு முதியோர் வழங்கிய சொற்களுள் ‘ஊமைப்படம்’ என்பதும் ஒன்று. பேசும்படம் வந்த பின்னரே இப்படியொரு சொல்லுக்குத் தேவை ஏற்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னிருந்தவர்கள் ‘சலனப்படம்’ என்றும் ‘பயாஸ்கோப்பு’ என்றும் வியப்போடு அழைத்தார்களேயன்றி, அதில் ஏதோ குறை இருப்பதாகக் கருதவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. திரை பேசாவிடினும், திரைக்கு முன் கூடிய அவை பேசிற்று. கதையை ஒருவர் உரக்கச் சொன்னார். ஒருவர் ஆர்மோனியம் வாசித்தார். மற்றவர்கள் ஆரவாரம் செய்தனர், அழுதனர், கைகூப்பினர். ஊமையாக இருந்தது படச்சுருள் மட்டுமே.

தாயகத்தை விட்டு வந்து பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனியானதோர் அக்கறை உண்டு. மொழி தெரியாதவனும் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்று, அருகிலிருப்பவனோடு ஒரே இடத்தில் சிரித்து, ஒரே இடத்தில் கலங்க முடிந்த காலம் அது. 1896 முதல் 1931 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் அக்காலம் நீடித்தது. இந்தியாவில் அதன் தொடக்கமும் முடிவும் நாம் வாழும் இந்நகரத்திலேயே நிகழ்ந்தன. இன்று மும்பை என வழங்கும் நகரை அக்காலப் பெயரால் பம்பாய் என்றே இங்குக் குறிப்போம்.

ஒரு ரூபாய்க் காட்சி

பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் பாரிசு நகரின் கிராண்ட் கஃபேயில் கட்டணம் பெற்றுத் தங்கள் படங்களைக் காட்டியது 1895 டிசம்பர் 28-இல். அதன்பின் ஏழு மாதங்கூட நிறையவில்லை. 1896 ஜூலை 7-ஆம் நாள் அதே படங்கள் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் காட்டப்பெற்றன. ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் இங்குத் தங்கிய மரியுசு செஸ்தியே என்பவர் லூமியேர்களின் சார்பில் அவற்றைக் காட்டினார். காலா கோடா பக்கம் செல்லும் நம்மவர் பலர் அந்தக் கட்டடத்தை ஏறிட்டுப் பார்த்திருப்பர். இரும்புச் சட்டங்களால் எழுப்பப்பெற்ற அம்மாளிகை, பிற்காலத்தில் எஸ்பிளனேடு மாளிகை என்று பெயர் பெற்றது. பழுதுற்ற காரணத்தால் 2019-இல் அதிலிருந்தோர் வெளியேற்றப்பட்டனர்.

அன்று காட்டியவை ஆறு சிறு படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவே ஓடக்கூடியது. இரயில் ஒன்று நிலையத்திற்கு வருகிறது. தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறுகின்றனர். ஒரு சுவர் இடித்துத் தள்ளப்படுகிறது. சிலர் கடலில் குளிக்கின்றனர். கதையும் இல்லை, நடிப்பும் இல்லை. காண்பதற்குக் கட்டணம் ஒரு ரூபாய். அக்காலத்து உழைப்பாளிக்கு அது சில நாட் கூலி. ஆகவே முதல் அவை வெள்ளையரும் செல்வரும் கூடிய அவையாகவே இருந்திருக்கும்.

ஆயினும் நிலைமை விரைவில் மாறிற்று. ஜூலை 14 முதல் காட்சிகள் நாவெல்டி நாடக அரங்கில் நடைபெறலாயின. கட்டணம் நான்கணாவிலிருந்து இரண்டு ரூபாய் வரை பல தரமாக வகுக்கப்பட்டது. கோஷாப் பெண்டிருக்கெனத் தனி அறைகள் ஒதுக்கப்பட்டன. வாத்திய இசையும் சேர்ந்தது. இந்தியத் திரையரங்கின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு மாதத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது எனலாம். தரம் பிரித்த இருக்கை, பெண்களுக்குத் தனியிடம், படத்தோடு இசை என்ற மூன்றும் பின்வந்த பல ஆண்டுகள் நம் கொட்டகைகளில் மாறாமல் இருந்தன.

அக்காட்சிகளைக் கண்டு மயங்கியவர்களுள் ஹரிச்சந்திர சகாராம் பாட்வடேகர் என்ற மராத்தியர் ஒருவர். புகைப்படக் கலைஞரான அவர் இங்கிலாந்திலிருந்து ஒரு காமிராவை வரவழைத்து, 1899-இல் பம்பாயின் தொங்கும் தோட்டத்தில் நடந்த மற்போரைப் படமாக்கினார். இந்தியர் ஒருவர் எடுத்த முதற் படங்களுள் அது ஒன்று. அதே காலத்தில் கல்கத்தாவில் ஹீராலால் சென் படம் பிடிக்கலானார். ஜம்ஷெட்ஜி மதன் 1902-இல் கல்கத்தா மைதானத்தில் கூடாரமடித்துப் படங்காட்டி, 1907-இல் நிலையான திரையரங்கு ஒன்றையும் தோற்றுவித்தார்.

பால்கேயின் துணிவு

1910-ஆம் ஆண்டையொட்டிப் பம்பாயின் கிர்காம் பகுதியில் ஒரு கொட்டகையில் கிறிஸ்து பெருமானின் வாழ்க்கைப் படம் காட்டப்பெற்றது. அதனைப் பார்த்துக்கொண்டிருந்த துண்டிராஜ் கோவிந்த பால்கேயின் மனக்கண்ணில் கண்ணனும் இராமனும் தோன்றினர். ‘நம் தெய்வங்களை நம் மக்கள் இத்திரையில் காணும் நாள் வருமா?’ என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. இதனை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அப்போது அவருக்கு வயது நாற்பதை எட்டியிருந்தது. ஓவியம், புகைப்படம், அச்சுத் தொழில் எனப் பலவற்றில் கை வைத்தவர். தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து 1912-இல் இலண்டன் சென்று, காமிராவும் துளையிடும் கருவியும் வாங்கித் திரும்பினார். ஒரு பயறு முளைத்துக் கொடியாவதைத் தினமும் சிறிது சிறிதாகப் படமெடுத்து, சில நொடிகளில் ஒரு செடி வளர்வதைத் திரையில் காட்டினார். அந்தச் சிறு படத்தைக் கண்டே பணமுடையோர் நம்பிக்கை கொண்டனர். எனினும் போதாத பணத்திற்கு அவர் மனைவி சரஸ்வதிபாயின் நகைகள் ஈடாயின.

அம்மையாரின் பங்கு நகையோடு நிற்கவில்லை. படச்சுருளின் ஓரத்தில் இருட்டறையில் துளையிட்டவர் அவர்; சுருளைக் கழுவக் கற்றவர் அவர்; தாதரில் இருந்த வீட்டில் தங்கிய நடிகர் குழு முழுவதற்கும் சமைத்துப் போட்டவரும் அவரே. இந்தியத் திரைப்படத்தின் முதற் பட்டறை ஒரு குடும்பத்தின் சமையலறைக்குப் பக்கத்தில் அமைந்திருந்தது என்பதைக் குடும்பத்தோடு இம்மலரைப் படிக்கும் நாம் மறவாமல் குறித்துக்கொள்ளலாம்.

‘ராஜா ஹரிச்சந்திரா’வில் தாராமதியாக நடிக்கப் பெண் எவரும் முன்வரவில்லை. இறுதியில் ஓர் உணவு விடுதியில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞரே சேலை உடுத்தார். மகன் லோகிதாசனாகப் பால்கேயின் மகனே நடித்தான். நான்கு சுருள்களாக, 3,700 அடி நீளத்தில் அமைந்த அப்படம் 1913 மே 3-ஆம் நாள் கிர்காமின் காரனேஷன் கொட்டகையில் பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றது. படம் மட்டும் போதாது என்று எண்ணினரோ என்னவோ, அதனோடு ஒரு நடனம், ஒரு நகைச்சுவைக் காட்சி, காலால் பொருள்களை வீசிப் பிடிக்கும் வித்தைக்காரர் ஒருவரின் ஆட்டம் ஆகியவற்றையும் நிகழ்ச்சியில் சேர்த்திருந்தனர்.

மூன்றணாவுக்கு இரண்டு மைல்

பம்பாயில் வெற்றி கண்ட படம் சூரத்தில் தடுமாறிற்று. முதல்நாள் வசூல் மூன்று ரூபாய்தான் என்று சொல்லப்படுகிறது. காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. அவ்வூரார் இரண்டணா கொடுத்து ஆறு மணி நேரம் நாடகம் பார்த்துப் பழகியவர்கள். மூன்றணா வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் அவர்கள் எப்படி ஒப்புவர்? பால்கே விளம்பரத்தை மாற்றினார். ஐம்பத்தேழாயிரம் புகைப்படங்கள், இரண்டு மைல் நீளம், எல்லாம் மூன்றணாவுக்கு என்று அறிவித்தார். கூட்டம் திரண்டது.

இதில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படச்சுருளின் ஓரடிக்குப் பதினாறு படங்கள். 3,700 அடிக்கு 59,200 ஆகிறது. ஆகவே புகைப்படக் கணக்கு ஏறக்குறைய மெய்யே. ஆனால் இரண்டு மைல் என்றால் 10,560 அடி. அது ஏறத்தாழ மும்மடங்கு மிகை. நொடிக்குப் பதினாறு என்ற வேகத்தில் கையால் சுழற்றினால் அப்படம் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஓடும். எஞ்சிய அரைமணி நேரம் சுருள் மாற்றுவதிலும் பிற ஆட்டங்களிலும் கழிந்திருக்க வேண்டும். துணியை அளந்து வாங்குவதுபோல் கலையையும் அளந்து வாங்கிய மக்களுக்கு, அவர்கள் அறிந்த அளவுகோலையே பால்கே கையில் எடுத்தார்.

1917-இல் அவர் எடுத்த ‘லங்கா தகன’த்தில் அதே சாளுங்கே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். இராமன் திரையில் தோன்றியதும் மக்கள் செருப்பைக் கழற்றி வைத்து வணங்கினர் என்றும், சென்னையில் வசூலான நாணயங்களை மூட்டை கட்டிக் காவலர் துணையோடு மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றனர் என்றும் வழிவழியாகச் சொல்வர். மராத்தியர் எடுத்த படம் சென்னையில் அவ்வாறு ஓடியதற்கு மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை. இராமன் யார் என்று எவரும் எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொட்டகையின் குரல்கள்

கதை தெரிந்த புராணப் படத்திற்குச் சரி; தெரியாத கதைக்கு என் செய்வது? படத்தின் நடுவே எழுத்தில் வாசகங்கள் வரும். இரண்டு, மூன்று, சில வேளை நான்கு மொழிகளில் அவற்றை எழுதிக் காட்டினர். ஆனால் 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே இருந்தனர். நான்கு மொழியில் எழுதினாலும் படிப்பதற்கு ஆள் வேண்டுமே!

அந்த ஆளைக் கொட்டகையே வேலைக்கு வைத்துக்கொண்டது. திரைக்கருகில் நின்று, வரும் வாசகத்தை அவ்வூர் மொழியில் உரக்கப் படிப்பதும், கதையை விளக்குவதும், வீரன் பேசும்போது வீரனாகவும் தலைவி பேசும்போது தலைவியாகவும் குரல் கொடுப்பதும் அவர் தொழில். ஒரே படம் பம்பாயில் ஒரு மொழியிலும், மதுரையில் தமிழிலும் பேசியது இவர்கள் வாயால்தான். அமெரிக்கப் படத்து வீரன் எட்டி போலோவின் சாகசத் தொடர்களும், சாப்ளினின் குறும்புகளும், 1924-இல் வெளியான ‘பாக்தாத் திருடன்’ என்ற படமும் நம் ஊர்க் கூடாரக் கொட்டகைகளில் அனைவர்க்கும் புரிந்தன என்றால், அப்பெருமையில் ஒரு பங்கு இவர்களுக்கு உரியது. தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுத்தவனின் பணி, திரைக்கு முன்னால் இடம் பெயர்ந்தது எனவும் கருதலாம்.

கொட்டகையை மனக்கண்ணால் பார்ப்போம். முன்னால் மணல் பரப்பிய தரை, அதன்பின் பெஞ்சு, கடைசியில் கனவான்களுக்கு நாற்காலி. ஒரு பக்கம் பெண்களுக்கெனத் தடுப்பு. படம் காட்டும் கருவி ஒன்றே. ஆதலால் ஆயிரம் அடிச் சுருள் ஒவ்வொன்றும் முடிந்தவுடன் விளக்கு எரியும். அடுத்த சுருளை மாட்டும் வரையில் பொழுது போகவேண்டுமே! ஒரு பாட்டோ நடனமோ மற்போரோ நடைபெறும். சோடாவும் முறுக்கும் விலை போகும். மீண்டும் விளக்கு அணையும். ஆர்மோனியமும் தபலாவும் கிளம்பும். கதாநாயகன் குதிரையேறினால் தாளம் விரையும். தாய் அழுதால் இசை தழையும்.

இவ்வவையில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நாம் புனைந்துரைக்க விரும்பவில்லை. தரைக்கும் நாற்காலிக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. ஆனால் அந்த இடைவெளி காசினால் வந்ததேயன்றி மொழியினால் வந்ததன்று. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு நெல்லைச் சீமையிலிருந்து வந்த உழைப்பாளியும், மாதுங்காவில் குடியேறிய குமாஸ்தாவும், மராத்திய ஆலைத் தொழிலாளியும், குஜராத்தி வணிகரும் ஒரே படத்தைப் பார்க்கலாம். அதில் எவரும் பாதிப் படத்தை இழந்தவரல்லர்.

தெற்கிலிருந்து வந்தோரும் சென்றோரும்

பம்பாய்க்கு வெளியே இக்கலை பரவியதில் தமிழர்க்குச் சிறப்பான பங்குண்டு. கோயம்புத்தூரில் பிறந்து திருச்சியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் அங்கு வந்திருந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று கிறிஸ்துவின் வாழ்க்கைப் படம். அதே பொருள் குறித்த ஒரு படமே சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் பால்கேயை ஆட்கொண்டது என்பதை முன்னரே கண்டோம். நிலையான வேலையைத் துறந்த வின்சென்ட், கூடாரத்தோடு இரயிலேறி லக்னோ, லாகூர், பெஷாவர் வரை படங்காட்டிச் சென்றார் என்பர். பிழைப்பைத் தேடி வடக்கே வந்த நம் முன்னோர் வரிசையில், பெட்டியில் ஒளியையும் நிழலையும் கட்டிக்கொண்டு வந்த அவரையும் நாம் சேர்த்து எண்ண வேண்டும். பின்னர் 1914-இல் அவர் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கை நிறுவினார்.

வேலூரைச் சேர்ந்த நடராஜ முதலியார் சென்னையில் மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்று வந்தவர். பால்கேயின் படங்கள் அவர் மனத்தில் ஆசையை மூட்டின. புனாவுக்குச் சென்று ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் காமிராவை இயக்கக் கற்றார். 1910-களின் பிற்பாதியில் சென்னைப் புரசைவாக்கத்தில் ‘கீசக வதம்’ என்ற படத்தை எடுத்தார். அதுவே தென்னாட்டில் உருவான முதற் கதைப்படம். சென்னையின் வெப்பம் சுருளைக் கழுவ ஏற்றதாக இல்லாமையால், அவர் பெங்களூரில் அதற்கெனக் கூடம் அமைத்து, எடுத்த படத்தை அங்குக் கொண்டு சென்று கழுவினார். தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகளில் வாசகங்கள் அமைந்தன. அவர் படங்களுக்கு இந்தி வாசகம் எழுதித் தந்தவர், அப்போது இந்தி கற்பிக்கச் சென்னை வந்திருந்த காந்தியடிகளின் மைந்தர் தேவதாஸ் காந்தி என்பர்.

இதே கீசகன் கதையைக் கோலாப்பூரில் பாபுராவ் பெயிண்டர் 1920-இல் ‘சைரந்திரி’ என்ற பெயரில் படமாக்கினார். திரௌபதி சைரந்திரி என்ற பெயரோடு விராடன் அரண்மனையில் பணிப்பெண்ணாய் மறைந்து வாழ்ந்த கதை அது. பிறர் ஊரில், பிறர் வீட்டில், பெயர் மாற்றி வாழும் துயரம் எம்மொழியார்க்கும் புரியக்கூடியது.

மௌனம் கண்டு அஞ்சிய அரசு

பேசாப் படம் என்றாலும் அது சொல்வதை ஆட்சியாளர் நன்கு கேட்டனர். 1918-இல் திரைப்படச் சட்டம் இயற்றப்பட்டு, 1920 முதல் பம்பாய், கல்கத்தா, சென்னை, இரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் இயங்கலாயின. 1921-இல் பம்பாயின் கோகினூர் நிறுவனத்தார் ‘பக்த விதுரர்’ என்ற படத்தை எடுத்தனர். பாரதக் கதைதான், ஆனால் விதுரரின் தோற்றமும் தலைக் குல்லாயும் காந்தியடிகளை நினைவூட்டின. ஒரு சொல்லும் பேசாத அப்படத்திற்குக் கராச்சியிலும் சென்னையிலும் தடை விதிக்கப்பட்டது. குல்லாய் ஒன்றே சொற்பொழிவாயிற்று.

1927-இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞரான திவான் பகதூர் டி. இரங்காச்சாரியார். ஆங்கிலப் பேரரசின் படங்களுக்குச் சலுகை தேடுவது அரசின் உள்நோக்கமாக இருந்தது. குழுவோ 4,325 வினாத்தாள்களை அனுப்பி, நாடெங்கும் சென்று 353 சாட்சிகளை விசாரித்து, 1928-இல் அளித்த அறிக்கையில் அச்சலுகைக்கு இடமில்லை என்றும், இந்தியப் படத்தொழிலுக்கே ஊக்கம் தரவேண்டும் என்றும் கூறிற்று. அரசு அதனைக் கிடப்பில் போட்டது. ஆயினும் நான்கு தொகுதிகளாக அச்சிடப்பெற்ற சாட்சியங்கள் இன்றும் நமக்குப் பயன்படுகின்றன. அக்காலத்தில் யார் படம் பார்த்தார்கள், எங்கு அமர்ந்தார்கள், எதை விரும்பினார்கள் என்பதற்கு அவற்றினும் விரிவான சான்று வேறில்லை.

பேச்சு வந்த பின்

1931 மார்ச் 14-ஆம் நாள் கிர்காமின் மெஜஸ்டிக் திரையரங்கில் ‘ஆலம் ஆரா’ பேசிற்று. நான்கணாச் சீட்டு நான்கைந்து ரூபாய்க்குக் கைமாறியது என்பர். இம்பீரியல் நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையம் இருப்புப் பாதைக்கு அருகில் இருந்தமையால், இரயில் ஓசை ஓய்ந்த நள்ளிரவில் அப்படத்தை எடுக்க வேண்டியதாயிற்று. மௌனப்பட நாளில் ஓடும் இரயில் ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

அதே நிறுவனம் அதே ஆண்டில் பம்பாயிலேயே எடுத்த ‘காளிதாஸ்’ அக்டோபர் 31-ஆம் நாள் சென்னைக் கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. டி. பி. இராஜலட்சுமி அதில் தமிழில் பேசிப் பாடினார். கூடவே தெலுங்கும் ஒலித்தது. பம்பாயிலிருந்து வந்திறங்கிய படச்சுருளைத் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, ஊர்வலமாக எடுத்துச் சென்றனர் என்று கூறுவர். தமிழ் திரையில் முதன்முதல் பேசியது, தமிழகத்துக்கு வெளியே இந்நகரில் எடுத்த படத்தில் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியே.

ஆனால் பெற்றதோடு இழந்ததும் உண்டு. படம் மொழி பேசத் தொடங்கியதும் அவை மொழிவாரியாகப் பிரிந்தது. பம்பாய்த் தமிழன் தன் மொழிப் படம் வரும் நாளுக்குக் காத்திருந்து, தன்னவர் கூடும் அரங்கைத் தேடிச் செல்ல வேண்டியவனானான். பின்னாளில் மாதுங்காவின் அரோரா அரங்கில் நாம் திரண்டதும் இதனால்தான். அங்கு நாம் அடைந்த மகிழ்ச்சி மிகப் பெரிது. ஆனால் பக்கத்து வீட்டு மராத்தியர் அங்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நடிகர்களும் துன்புற்றனர். புனாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, தொலைபேசி நிலையத்தில் பணியாற்றி, பின் சுலோசனா என்ற பெயரில் மௌனப்பட உலகின் அரசியாக விளங்கிய ரூபி மையர்ஸ், இந்தி மொழியைச் செம்மையாகக் கற்பதற்காகச் சிறிது காலம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. கற்றுத் திரும்பிய அவர் தம் பழைய மௌனப்படங்களையே பேசும்படங்களாக்கி மீண்டும் வென்றார். பால்கேக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1937-இல் ஒரு பேசும்படத்தை இயக்கியதோடு அவர் பணி முடிந்தது. 1944-இல் நாசிக்கில் மறைந்தார். வாசகங்களைப் படித்துக் காட்டியவர்களும் ஆர்மோனியக்காரர்களும் என்ன ஆனார்கள் என்று எழுதிவைக்க எவரும் இல்லை.

எஞ்சியவையும் நம் கடமையும்

கூத்தரங்கில் மக்கள் கூடுவதையும் கலைவதையும் வள்ளுவர் செல்வத்தின் நிலையாமைக்கு உவமை கூறினார். அவ்வுவமை திரையரங்குக்கும் பொருந்திவிட்டது. இந்தியாவில் எடுக்கப்பெற்ற மௌனப்படங்கள் சுமார் 1,300. இன்று ஓரளவேனும் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. அக்காலச் சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது, பல எரிந்தன. பல சுருள்களை, அவற்றிலிருந்த சிறிதளவு வெள்ளிக்காக விலைக்குப் போட்டு அழித்தனர். ‘கீசக வதம்’ இல்லை, ‘ஆலம் ஆரா’ இல்லை, ‘காளிதா’ஸும் இல்லை. 1964-இல் புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியபின், அதனைக் கட்டி வளர்த்த பி. கே. நாயர் ஊர் ஊராகச் சென்று, பால்கே குடும்பத்தாரிடமிருந்தும் எஞ்சிய சுருள்களைத் திரட்டினார். ‘ராஜா ஹரிச்சந்திரா’வின் ஒரு பகுதியை நாம் இன்று காண முடிவது அம்முயற்சியின் பயன். 2003-இல் அங்கும் ஒரு தீ விபத்து நேர்ந்து பழைய மூலச்சுருள்கள் பல அழிந்தன. பிரதி எடுத்து வைத்திருந்தவை மட்டும் தப்பின.

சுருள்களுக்காவது ஒரு காப்பகம் உண்டு. அவையின் நினைவுகளுக்கு? கொட்டகையில் பாட்டனார் எங்கு அமர்ந்தார், பாட்டியாரை யார் அழைத்துச் சென்றார், வாசகத்தைப் படித்தவர் எப்படிப் படித்தார் என்பனவற்றுக்கு அரசு காப்பகம் அமைக்காது. அப்படங்களைக் கண்ட தலைமுறை மறைந்துவிட்டது. அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களும் முதுமை எய்திவிட்டனர். சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து, கேட்டதை ஒரு ஏட்டில் எழுதி வைத்தால், அதுவே பெரும் செல்வமாகும். பழம்பெட்டியில் நுழைவுச் சீட்டோ துண்டறிக்கையோ பாட்டுப் புத்தகமோ கிடந்தால், அதனைக் குப்பையில் சேர்க்காமல் சங்க நூலகத்தில் சேர்ப்போம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இன்று நம் வீட்டுக் கூடத்தில் படம் ஓடும்போது, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு இந்தி புரிவதில்லை. பேரன் ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் பொருள் சொல்கிறான். தமிழ்ப் படம் ஓடும்போதோ தமிழ் சரளமாக வராத பேத்திக்குப் பாட்டி கதை சொல்கிறாள். “படத்தைப் பார்க்க விடுங்கள்” என்று நாம் சில வேளை அவர்களை அதட்டுகிறோம். அதட்ட வேண்டா. நூறாண்டுகளுக்கு முன் கொட்டகையில் திரைக்கருகே நின்ற அந்தப் பெயர் தெரியாத மனிதரின் தொழிலை இவ்விருவரும் ஊதியமின்றித் தொடர்ந்து செய்து வருகின்றனர். அக்குரல் நம் வீடுகளில் ஓயாதிருக்கும் வரை அந்தப் பழைய அவை முற்றிலும் கலைந்துவிட்டதாக நாம் கொள்ள வேண்டுவதில்லை.